எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதா?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2020-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கரோனாவால் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், அந்த மருந்து கிடைக்காதவர்களில் 100-க்கு 41 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். மருந்து கிடைத்தவர்களில் 29 பேர். அந்தக் கொள்ளைநோயில் உயிர் காத்ததாக முறையான சோதனையில் நிரூபணமான முதல் மருந்து அதுதான். புதிய மருந்துமல்ல, 1950-களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. விலையும் சில ரூபாய்தான்.

அது வைரஸை ஒன்றும் செய்யாது. அது ஒரு ஸ்டீராய்டு. நம் உடலின் நோய் எதிர்ப்பை அடக்குவதுதான் அதன் வேலை.

அதே மாதத்தில் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். இஞ்சியும் மஞ்சளும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தோம். ஜிங்க் மாத்திரைக்கு வரிசையில் நின்றோம். டீத்தூள் முதல் பிஸ்கட் வரை எந்த உறையைப் பார்த்தாலும் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று அச்சிட்டிருந்தது. நாடே எதிர்ப்பு சக்தியைக் கூட்டப் பாடுபட்ட நாளில், அதைக் குறைக்கிற மருந்து உயிரைக் காப்பாற்றியது. கஷாயத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, மழைக்காலத்தில் நானும் குடிப்பவன்தான். ஆனால் ‘சக்தி’ என்று சொல்லி, அதை டார்ச் லைட் பேட்டரி மாதிரி ஏற்றி இறக்கக்கூடியதாக நாம் வைத்திருக்கும் எண்ணம் இருக்கிறதே, இன்றைக்கு அதைத்தான் கொஞ்சம் அசைத்துப் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன், எதிர்ப்பது யாரை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்றொரு சிறிய ஊர். அங்கே லேவன்ஹுக் என்ற துணி வியாபாரி இருந்தார். துணியின் இழையைப் பார்க்கிற உருப்பெருக்கியில் பழகிய கை, அதைவிடச் சிறந்த வில்லைகளைத் தானே தேய்த்துச் செய்துகொண்டது. பட்டம் ஏதும் கிடையாது, லத்தீனும் தெரியாது. அவருக்கு ஒரு சந்தேகம்: மிளகு ஏன் நாக்கில் சுள்ளென்று குத்துகிறது? மிளகுக்குள் ஊசி போன்ற நுண்துகள் இருக்குமோ என்று நினைத்து, மிளகைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார். 1676 ஏப்ரலில் அந்தத் தண்ணீரில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தால், ஊசியைக் காணோம். எண்ணிலடங்காத குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. மனிதக் கண் முதன்முதலாகப் பாக்டீரியாவைப் பார்த்தது அப்போதுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடியில் பிறந்த மிளகுக்கு இந்தப் பெருமையும் உண்டு. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அதே டெல்ஃப்டில், 222 ஆண்டு கழித்து, பெயரிங்க் என்ற பேராசிரியர் புகையிலைச் செடியின் இலையில் தேமல் போல் படரும் நோயை ஆராய்ந்தார். நோயுற்ற இலைச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா எதுவும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் வடிந்த தெளிநீரும் நோயைத் தந்தது. ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி என்பவர் 1892-இலேயே இதைக் கண்டிருந்தார். அவர் வடிகட்டியைச் சந்தேகித்தார், அல்லது பாக்டீரியாவின் நச்சு என்று நினைத்தார். பெயரிங்க்தான் 1898-இல், இது பாக்டீரியாவே அல்ல, உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால் மட்டுமே பெருகுகிற வேறொன்று என்று துணிந்து சொல்லி, அதற்கு வைரஸ் என்ற பெயரையும் இட்டார். அதன் உருவத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அளவைச் சொல்கிறேன். உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பாருங்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தலைமாடு கால்மாடாகப் படுக்கவைத்தால் அந்த இடத்தில் 500 அடங்கும். கரோனா வைரஸ் என்றால் 10,000. அளவைவிட வாழ்முறையில்தான் உண்மையான வேறுபாடு. பாக்டீரியா தனிக் குடித்தனம். தனக்கென்று சுவர் எழுப்பிக்கொள்ளும், தானே உண்ணும், புரதம் செய்யத் தனக்கென்று ரைபோசோம்கள் வைத்திருக்கும், வசதி அமைந்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். வைரஸிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது. மரபுக் குறிப்பு கொஞ்சம், அதைச் சுற்றிப் புரத உறை, சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை. அவ்வளவுதான். நம் செல்லுக்குள் நுழைந்து, நம் ரைபோசோமையே தன் வேலைக்கு ஏவிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்டால் மருந்துக்கடையில் நடக்கும் ஒரு தவறு புரியும். பென்சிலின் என்ன செய்கிறது? பாக்டீரியா சுவர் கட்டுவதைத் தடுக்கிறது. நம் செல்லுக்குச் சுவர் இல்லாததால் நமக்கு அதனால் தீங்கில்லை. அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் அடைத்துக்கொள்கிறது. சுவரும் இல்லாத, சொந்த ரைபோசோமும் இல்லாத வைரஸை இவை எங்கே பிடிக்கும்? ஆனாலும் சளி, காய்ச்சல் என்றதும் ‘மூணு நாள் மாத்திரை’ என்று கேட்டு வாங்கிப் போடுகிறோம். நான்காம் நாள் காய்ச்சல் விடுகிறது. மாத்திரை போடாவிட்டாலும் அன்றைக்குத்தான் விட்டிருக்கும். இடையில் அடிபட்டவை நம் குடலில் சாதுவாக வாழ்ந்துகொண்டிருந்த பாக்டீரியாக்கள்தாம். பலருக்கு மாத்திரையோடு பேதியும் வருவது அதனால்தான். அங்கே பிழைத்துக் கிடப்பவை மருந்துக்குப் பழகியவை. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனித செல்களும், 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருப்பதாக 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தொல்லை தராதவை. ஆகவே எதிர்ப்பாற்றலுக்கு முதல் கேள்வி ‘எப்படி அடிப்பது?’ என்பதாக இருக்க முடியாது. யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதே முதல் கேள்வி.

நம் பாடநூல்களில் வெள்ளையணுவுக்கு வாளும் கேடயமும் கொடுத்துப் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. வாசலில் நின்று, வருகிறவர் முகச்சாயலை வைத்தே ‘நீ இன்னார் பேரனா?’ என்று கேட்கும் கல்யாண வீட்டுப் பெரியவர்தான் எனக்கு வெள்ளையணுவாகத் தோன்றுகிறார். ஆளைத் தனியாகத் தெரியாது, சாயல் தெரியும். பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் சில மூலக்கூறுகள் நம் உடலில் எங்குமே கிடையாது. அவற்றைத் தொட்டதும் ‘இது நம் வீட்டு ஆள் இல்லை’ என்று தெரிந்துவிடுகிறது. அப்படி இனம் காணும் ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2011-இல் பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

வெறுங்காலோடு வயல் வரப்பில் நடக்கிறீர்கள், கருவேல முள் ஏறிவிட்டது என்று வையுங்கள். முள்ளோடு சேர்ந்து மண்ணும் பாக்டீரியாவும் உள்ளே போகின்றன. தோலடியில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கிகள் முதலில் பார்க்கின்றன. அவை கையில் கிடைத்ததை விழுங்கிக்கொண்டே சில வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன. பக்கத்து ரத்தக்குழாய் விரிகிறது; அதனால்தான் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது, அதுதான் வீக்கம். நரம்பு முனை கூர்மையாகிறது. விண்விண் என்று தெறிக்கிறது. தளர்ந்த இடுக்கின் வழியே நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து பிதுங்கி வெளியே வருகின்றன. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. பெரும்பாலானவற்றின் ஆயுள் ஓரிரு நாள்தான். காயத்திலிருந்து வடியும் சீழ் என்பது பெரும்பாலும் இவற்றின் பிணங்கள்.

இந்த வேலையை முதலில் புரிந்துகொண்டவரும் முள்ளை வைத்துத்தான் புரிந்துகொண்டார். 1882 டிசம்பரில் சிசிலியின் மெசினா நகரில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் தங்கியிருந்தார். வீட்டார் எல்லோரும் குரங்கு வேடிக்கை காட்டும் சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் நுண்ணோக்கியோடு வீட்டில் இருந்தார். கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகி வைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டார். காலையில் முள்ளைச் சுற்றி ஊரும் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. அந்த ஒரு காட்சியை நிறுவ அவர் கால் நூற்றாண்டு வாதாடினார். 1908-இல் நோபல் பரிசு வந்தது.

பாக்டீரியா பெரும்பாலும் செல்லுக்கு வெளியே இருப்பதால் விழுங்கிவிடலாம். வைரஸ் நம் செல்லுக்கு உள்ளேயல்லவா இருக்கிறது? அதற்கு வேறு வழி. தொற்றிய செல் தன்னால் முடிந்த கடைசி உபகாரமாக இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இதைக் கண்டார்கள். அது பட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் தம் புரத உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன. வைரஸ் வந்தாலும் அங்கே அதற்கு வேலை நடக்காது. ஹெபடைட்டிஸ் நோயாளிகளுக்கு இந்த இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டபோது ஒன்று தெரிந்தது. ஃப்ளூ வைரஸ் இல்லாமலே அவர்களுக்கு ஃப்ளூ வந்தது போலாகிவிட்டது: குளிர், காய்ச்சல், கை கால் குடைச்சல், படுத்தால் போதும் என்ற அசதி. ஆக, வைரஸ் காய்ச்சலில் நம்மைக் கட்டிலில் கிடத்துவதில் பெரும்பங்கு நம் உடலுடையது. காய்ச்சலும் அப்படியே. வெள்ளையணுக்கள் அனுப்பும் சேதியைக் கேட்டு மூளைதான் உடல் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது. 101 டிகிரி இருக்கும்போதே போர்வை கேட்டு நடுங்குவது, உடல் இன்னும் மேலே ஏற முயல்வதால்தான்.

சரி, இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்? காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று பாட்டிமார் தடவிப் பார்த்துச் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. புண்ணிலிருந்து கிருமியின் துணுக்குகளை ஏந்திக்கொண்டு சில செல்கள் அங்கே போகின்றன. அங்கே பி செல், டி செல் என்ற வெள்ளையணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அறியும். நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். அவற்றை வைத்து, கிருமியைப் பிடிக்கப் பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்கள் கோடி கோடி வகையாக எப்படி வரும்? மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல மாற்றி மாற்றி ஒட்டித்தான் என்று ஜப்பானியரான டோனெகாவா நிறுவினார். அந்தக் கூட்டத்தில் பொருந்துகிற செல் ஒன்றோ இரண்டோ அகப்பட்டு, அது பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது. நெறி வீங்குவது அந்தப் பெருக்கத்தால். டி செல்களில் ஒரு வகை, வைரஸ் புகுந்த நம் சொந்தச் செல்லையே கண்டுபிடித்துக் கொல்கிறது. பிழைக்க அதுவும் வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்ததும் இந்தச் செல்களில் பெரும்பாலானவை மடிய, சில நினைவு செல்களாகத் தங்குகின்றன. அந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? வட அட்லாண்டிக்கில் ஃபரோ தீவுகள் என்று இருக்கின்றன. 1781-இல் அங்கே தட்டம்மை வந்து போனது. பிறகு 65 ஆண்டு வரவில்லை. 1846-இல் கப்பலில் மறுபடி வந்தபோது, 8,000 பேருக்கும் குறைவான மக்களில் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு பானும் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அவர் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிவைத்த அறிக்கை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்க வேண்டியது. 1781-இல் தட்டம்மை கண்டிருந்த கிழவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை. அன்றைக்குத் தப்பித்த முதியவர்களுக்கு வந்தது. வைரஸையே யாரும் அறியாத காலத்தில், உடலுக்கு 65 ஆண்டு நினைவு உண்டு என்பதை வீடு வீடாகப் போய் ஒருவர் கண்டறிந்தார்.

அதே தட்டம்மை வைரஸ், அந்த நினைவையே அழிக்க வல்லது என்பது பின்னால் தெரிந்தது. அது குடியேறுவதே நினைவு செல்களில்தான். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராகக் குழந்தைகள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. ‘தட்டம்மைதானே, அம்மா வந்து விளையாடிப் போவாள்’ என்று சொல்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரையும் பார்த்தோம்.

நோய் வந்து போனால் எதிர்ப்பு வந்துவிடும் என்பதும் எல்லா நோய்க்கும் உண்மையல்ல. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். ஆளைக் கொல்லப் போதுமான அந்தக் கிருமியின் நச்சு, நினைவை உண்டாக்கப் போதாது, அவ்வளவு சொற்பம்.

நினைவும் இருக்கிறது, வீரியமும் இருக்கிறது, ஆனால் ஆள் மாறிவிடுகிறது என்றால்? 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் தொண்டைவலி வருகிறது. சில பிள்ளைகளுக்கு, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரத்தில் மூட்டுகள் மாறி மாறி வீங்கும். அந்தப் பாக்டீரியாவின் புரதமும் நம் இதயத்தின் புரதமும் சாயலில் ஒத்திருப்பதால் எதிர்ப்பு இதய வால்வின் மேல் திரும்பிவிடுகிறது. ருமாட்டிக் காய்ச்சல் என்பது இது. சிறு வயதில் கவனிக்காமல் விட்டு, கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வரும்போது மூச்சு வாங்கி, வால்வு சுருங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கும் பெண்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு. இந்தத் தொண்டைவலிக்குப் பென்சிலின் கட்டாயம் வேண்டும். ஒருமுறை இதயம் பாதித்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை ஆண்டுக்கணக்கில் ஊசி வேண்டும். ஆன்டிபயாடிக்கே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

உடல் இந்த ஆபத்தை அறியாததல்ல. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி. வளரும் டி செல்கள் அங்கேதான் தேர்வு எழுதுகின்றன. சொந்த உடலைப் பகையாகப் பார்ப்பவையும், எதற்கும் உதவாதவையும் அங்கேயே அழிகின்றன. பத்தில் ஒன்றுகூடத் தேறி வெளியே வருவதில்லை. அதையும் மீறி வந்துவிட்டவற்றை அடக்கி வைக்கவே ஒரு தனி வகை டி செல் உண்டு. அதைக் கண்டறிந்த சாகாகுச்சி, புருன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அடக்கும் செல் இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் குடல், கணையம், தோல் எல்லாம் சொந்த எதிர்ப்பாலேயே சிதைகின்றன. உண்மையாகவே எதிர்ப்பு சக்தி ‘கூடிய’ குழந்தைகள் அவர்கள்தாம்.

கடைசியாக, நமக்கெல்லாம் தெரிந்த டெங்கு. அதில் நான்கு வகை வைரஸ். ஒரு வகை வந்து போனால் அந்த வகை மறுபடி வராது. ஆனால் வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும், முடக்காது. பிடித்த வைரஸை வெள்ளையணுவுக்குள் கொண்டுபோய் விட்டும் விடும். கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, பெரிதாகச் சாவில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். பிலிப்பைன்ஸில் 2016-இல் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போட்டார்கள். இதுவரை டெங்குவே வராத பிள்ளைக்கு அந்த ஊசி முதல் தொற்றைப் போலவே வேலை செய்து, பின்னால் வரும் டெங்குவைக் கடுமையாக்கக்கூடும் என்று அதைத் தயாரித்த நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. அந்த அதிர்ச்சியில் மக்கள் மற்றத் தடுப்பூசிகளையும் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். 2019-இல் அங்கே தட்டம்மை பெரிதாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொடக்கத்தில் சொன்ன டெக்ஸாமெத்தசோனுக்கும் மறுபக்கம் உண்டு. ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயன் இல்லை என்பதை அதே ஆக்ஸ்ஃபோர்டு சோதனை காட்டியது. 2021-இல் அதைத் தேவையில்லாமலும் அளவில்லாமலும் எடுத்துக்கொண்டவர்கள் பலருக்குச் சர்க்கரை ஏறி, கரும்பூஞ்சை கண்ணையே கொண்டுபோனது. கூட்டுவதும் குறைப்பதும் நம் கைவைத்தியத்தில் இல்லை. முறையாகப் போட்ட தடுப்பூசி, வயிறார நல்ல உணவு, தூக்கம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது: இவற்றுக்கு மேல் ஒரு டப்பாவில் எதையும் விற்க முடியாது என்பது என் முடிவு.

டெங்குவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன், பிள்ளை வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஆபத்தான வேளை காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளல்ல. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் விடுகிற நேரம்தான். வைரஸ் குறைந்திருக்கும், நம் எதிர்ப்பின் விளைவாக ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து சுருண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த மணியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுக்காதீர்கள். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள், நேரம் இருக்கும்வரை பதில் சொல்கிறேன்.